எட்டுக் கால் சிப்பும் நாலு சத்தம் படிச்ச யானையும்

திருத்துற தொழிலெண்டது பாதி நேரம் ஈயம் உருக்கிறது, மிச்சப் பாதி நேரம் "நேற்று வரைக்கும் நல்லாத்தானே கிடந்தது" எண்ட கதையைக் கேக்கிறது. கண்ணாடிக்கு மேல இன்னொரு கண்ணாடி போட்டு, குனிஞ்சு குனிஞ்சு கழுத்துப் பிடிச்சுப்போன என்ர தொழில் உறவுகளே, உங்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்ற ஆக்களுக்காகச் சொல்லுறன். மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால, மருந்துக்கடைக்குப் பக்கத்தில இருக்கு என்ர கடை. ரெண்டு கதிரை போட்டால் மூண்டாவது ஆள் றோட்டில நிக்கவேணும். ரிவி, றேடியோ, மின்விசிறி எல்லாம் திருத்துவன். கடைக்கு வாற பத்துப் பேரில ஏழு பேர் என்னைப் பாத்து, "திருத்துற அண்ணை இல்லையோ?" எண்டு கேப்பினம். திருத்துற அண்ணை நான்தான் எண்டு சொல்லிச் சொல்லியே எனக்கு நாற்பத்தாறு வயசாப் போச்சு.

திருத்துறதோட சொந்தமா ஒரு சாமானும் செய்து விக்கிறன். சின்னச் சத்தப்பெட்டி. உள்ளுக்க ஒரு புரோசெசர், அவர் வேலையாள். பக்கத்தில ஒரு மெமறிச் சிப், பாட்டோ சத்தமோ அதுக்குள்ளதான் கிடக்கும். வேலையாள் அதை எடுத்து ஸ்பீக்கருக்குக் குடுப்பார், அவ்வளவுதான் விசயம். ஊர் ஊராப் போய்ப் பேக்கரிப் பாண் விக்கிற ஓட்டோக்காரர், சனத்தைக் கூப்பிடப் பாட்டுப் போட வாங்குவினம். வயல்காரர் யானை கலைக்க வாங்குவினம். இந்தப் பெட்டியில மெமறிச் சிப்பை மட்டும் கொஞ்சம் பெரிசா மாத்தினன். ஒரே ஒரு சிப். அதால நான் பட்டதைத்தான் சொல்லப்போறன்.

நாலும் மனப்பாடம்

பரமேஸ்வரி அக்கா கடைக்கு வந்தது ஒரு உரப்பையோட. மறிச்சுக்கட்டி றோட்டில இருந்து மூண்டு கிலோமீற்றர் உள்ளுக்க, காட்டோரமா ஒரு சின்னக் குடியிருப்பு. மலைநாட்டில இருந்து வந்து குடியேறின சனம். அவவுக்கும் மனுசனுக்கும் ரெண்டு ஏக்கர் வயல். அதுக்கு முந்தின காலபோகத்தில, அறுவடைக்கு ஒரு கிழமை இருக்கேக்க, தனியன் யானை ஒண்டு வந்து எல்லாத்தையும் திண்டு மிதிச்சுப்போட்டுப் போயிட்டுது. பேந்து ரெண்டு பேரும் மற்றவையின்ர வயலில கூலிக்கு அரிவு வெட்டப் போனவை. இந்த முறையும் போச்செண்டால் காணியை விட்டிட்டுக் கொழும்பில மகனிட்டப் போறதெண்டு மனுசன் முடிவாச் சொல்லிப்போட்டார். அவவுக்கு விருப்பமில்லை. "அது எங்க சொந்த மண்ணு மிஸ், வாழ்க்கையில மொத தடவையா சொந்தமா இருக்கிற மண்ணு" எண்டு சொன்னா.

உரப்பைக்குள்ள நான் வித்த பெட்டிதான் இருந்தது. வரம்பில கட்டின கம்பியில யானை முட்டினால் பெட்டி சத்தம் போடும். ஒருமுறை முட்டினால் வெடிச்சத்தம், அடுத்தமுறை தகரம் அடிக்கிறது, பேந்து நாய் குரைக்கிறது, பேந்து "ஓய்! ஓய்! போ!" எண்டு ஆம்பிளையள் கத்துறது. அந்தக் கத்தல் என்ர மனுசனும் அவரோட படிப்பிக்கிற மூண்டு வாத்திமாரும் எங்கட வளவில நிண்டு கத்தினது. நான் பெட்டியைத் திறந்து பாத்தன், ஒரு பழுதுமில்லை. "பெட்டி நல்லாத்தானே வேலை செய்யுது, அக்கா?" எண்டன். பெட்டி வாங்க முந்தி அயல் சனமெல்லாம் பந்தத்தோட ஓடி வருமாம். இப்ப "அதான் பெட்டி வச்சிருக்கீங்களே" எண்டு படுத்திருக்குதுகளாம். அறுவடைக்கு இன்னும் நாலு கிழமை. அவ பெட்டியை மேசையில வைச்சிட்டு மெதுவாச் சொன்னா:

"அதுக்கு நாலு சத்தமும் மனப்பாடம் ஆயிருச்சு மிஸ். இப்ப பெட்டி கத்துனா, அங்க ஆள் இல்லேன்னு அதுக்கு வெளங்கிருது."

வீடு பெரிசெண்டால்

நாலு சத்தம் எட்டாகவேணும். என்ர சிப்போ கழுத்துவரை நிரம்பிக் கிடக்குது, ஒரு தும்மல் கூட மேலதிகமாப் போட ஏலாது. சாமான் எடுக்கிற கொழும்புக் கடைக்குப் போன் அடிச்சன். அந்தப் பழைய அளவுச் சிப் இனி வராதாம், கொம்பனி நிப்பாட்டிப்போட்டுதாம். அதுக்குப் பதிலா இரட்டிப்பு இடம் உள்ளது இருக்காம். நான் உடன கடதாசி எடுத்து ஒண்டொண்டாக் கேட்டன். எத்தினை கால்? அதே எட்டுக் கால். கரண்ட்? அதே அளவு. எந்தக் காலில எது? எல்லாம் அதே. பழையதைக் கழட்டின இடத்தில இதை வைச்சு ஈயம் பத்தவைச்சால் சரி. எனக்கெண்டால் வாயெல்லாம் பல்லு. அஞ்சுதான் மிச்சம் இருந்தது, அஞ்சையும் அனுப்பச் சொன்னன். இருந்தாலும் இவ்வளவு லேசா ஒண்டும் நடக்கிறேல்லையே எண்ட சந்தேகத்தில, "பெரிசு போட்டால் பிரச்சினை ஒண்டும் வராதோ?" எண்டு கேட்டன். கடைக்காரர், நல்ல மனுசன், விழுந்து விழுந்து சிரிச்சார்.

"வீடு பெரிசாப் போச்செண்டு எங்கயாச்சும் ஆள் அழுதிருக்கா, தங்கச்சி?"

ஆரு மவுத்து?

புதுச் சிப்பை நேர யானைக்கு விட எனக்கு மனம் வரேல்லை. முதல்ல பாணுக்கு விடுவம், பிழைச்சாலும் பாண்தானே எண்டு நினைச்சன். பாண் ஓட்டோ ஓடுற நிசாம் தம்பியின்ர பெட்டி அந்த நேரம் பழுதாகிக் கடையில கிடந்தது. சிலாவத்துறையில பாண் ஏத்தி, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி எண்டு காலமையும் பின்னேரமும் போற பிள்ளை. பழைய சிப்பைக் கழட்டிப் புதுசை வைச்சு, அவன்ர பாட்டை எழுதி, கடையில போட்டுக் காட்டினன். பாட்டு மணி மணியா வந்தது. சந்தோசமாக் கொண்டு போனான்.

மூண்டாம் நாள் திரும்பி வந்தான், முகம் பாக்க ஏலாது. கொண்டச்சி ஊர் தொடங்கேக்க பாட்டைப் போட்டால், பள்ளிவாசல் வளைவு வரைக்கும் நல்லாப் போகுமாம். வளைவு திரும்பினதும் படாரெண்டு நிண்டிடுமாம். ரெண்டு நிமிசத்துக்கு ஒரு சத்தமும் இல்லையாம். பேந்து கிணத்தடியில திரும்பத் தொடங்குமாம். ஒவ்வொரு நாளும் அதே நேரம், அதே வேகம், வளைவுக்கும் கிணத்தடிக்கும் இடையில அதே பதினொரு வீடு. இதில என்னடா பெரிய வில்லங்கம் எண்டு நீங்கள் நினைப்பியள். எங்கட பக்கத்துப் பாண்காரரிட்ட ஒரு மரியாதை இருக்கு. செத்தவீட்டைத் தாண்டேக்க பாட்டை நிப்பாட்டிப்போட்டுத்தான் போவினம். ஊருக்கே அது தெரியும். அப்ப வளைவில பாட்டு நிண்டால் சனம் என்ன நினைக்கும்? பின் தெருவில இருந்து பொம்பிளையள் தலையில முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு "ஆரு மவுத்து, ஆரு மவுத்து?" எண்டு ஓடி வந்திருக்கினம். முதல் நாள் வந்தவைக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பியிருக்கினம். ரெண்டாம் நாளும் வந்திட்டினம். அந்த வரிசையில எண்பது வயசு தாண்டின பெரியவர் ஒருவர் இருக்கிறார். எல்லாரும் முதல்ல அவர்ர வாசலிலதான் எட்டிப் பாத்திருக்கினம்.

பிழை என்னில. பழைய சிப் கடைசிவரை ஓடி முடிஞ்சால் தானாத் திரும்பி முதல் இடத்துக்கு வந்திடும். அதை நம்பி, "இந்த இடத்தில நிப்பாட்டு" எண்டு ஒரு வரி கூட நான் வேலையாளுக்கு எழுதிவைக்கேல்லை. என்ர மனுசன் அதைச் சோம்பேறித்தனம் எண்டுறார், நான் சிக்கனம் எண்டுறன். இப்ப சிப் இரட்டிப்பாப் போச்சு. வேலையாள் பாட்டை முடிச்சிட்டு, வெறுமையாக் கிடந்த மற்றப் பாதியையும் கவனமா, ஒரு சொட்டும் விடாமல், ரெண்டு நிமிசம் வாசிச்சிருக்கிறார். நிசாமுக்கு இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டன். அவன் அதைக் காதில வாங்கேல்லை. பெரியவர் தனக்குச் சொல்லிவிட்டதை எனக்கு அப்பிடியே ஒப்புவிச்சான்:

"நான் இன்னும் மவுத்தாகேல்லை, மவுத்தாகினால் ஆள் விட்டுச் சொல்லுறன், அதுவரைக்கும் பாட்டைப் போடு எண்டு உன்ர பெட்டிக்குச் சொல்லு."

இடம் இருக்கெல்லோ

மன்னாரில ஒரு வாகனம் வெறுமையாப் போகுதெண்டு தெரிஞ்சால் காணும். "வவுனியாவுக்கோ போறீங்கள்? இடம் இருக்கெல்லோ? இந்தக் கருவாட்டுப் பையைத் தங்கச்சியிட்டக் குடுத்துவிடுங்கோ" எண்டு நாலு பேர் வந்து நிப்பினம். சிப்பில பாதி வெறுமை எண்ட கதை கடைக்கு வெளியில போனதும் இதே வியாதி பிடிச்சிட்டுது. என்ர மனுசன் கடைக்கு ஒரு விளம்பரம் போடச் சொன்னார், தன்ர குரலில. பக்கத்து மருந்துக்கடைத் தம்பி, பாட்டோட பாட்டா டெங்கு அறிவித்தல் ஒண்டையும் ஏத்தச் சொன்னான். நான் ரெண்டு பேரையும் கலைச்சன். ஆனால் நிசாம் விடேல்லை. தன்ர மனுசியின்ர குரலைப் போனில பதிஞ்சு கொண்டு வந்திட்டான். "பாண் வந்திட்டு! சூடான பாண்! சீனிப் பணிஸ் இருக்கு!" குரலும் வடிவாத்தான் இருந்தது. பாட்டுக்குப் பின்னால அதைப் போட்டுக் குடுத்தன்.

அஞ்சே நாள். சீனிப் பணிஸ் மறிச்சுக்கட்டிக்குப் போக முதலே முடிஞ்சிடும், ஆனால் பெட்டி விடாமல் இருக்கு இருக்கெண்டு கூவும். இவன் ஓட்டோவை நிப்பாட்டி இல்லையெண்டு கையை விரிப்பான். பணிஸை ஒளிச்சு வைச்சு வேண்டியாக்களுக்கு விக்கிறான் எண்டு கதை கட்டிப்போட்டினம். ஒரு மனுசி ஓட்டோவுக்குள்ள தலையை விட்டுத் தட்டெல்லாம் கிளறிப் பாத்திருக்கிறா. "அக்கா, எனக்குக் குரலும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம், ரெண்டு பாதியிலயும் அதே பாட்டைப் போட்டு விடுங்கோ" எண்டு வந்து நிண்டான். அப்பிடியே எழுதிக் குடுத்தன். ஒண்டு செய்யேக்க ரெண்டாச் செய்து வைக்கிறது என்ர பழக்கம். பாட்டும் பாட்டுமாய் இன்னொரு சிப்பையும் அவனுக்கெண்டு எழுதி டப்பியில போட்டு வைச்சன். இதை ஞாபகத்தில வைச்சிருங்கோ, நான் மறந்துபோனன். தட்டுக் கிளறின அந்த மனுசி கடைசியாக் கேட்டதை நிசாம் ஒரு கிழமையாச் சொல்லித் திரிஞ்சான்:

"உன்ட பொஞ்சாதி இருக்கிண்டு சொல்லுறா, நீ இல்லண்டு சொல்லுறாய், குடும்பத்தில ஆரை நம்புறது?"

மருந்துக்கடைக்கு வந்தவர்

இதுக்குள்ள பரமேஸ்வரி அக்காவின்ர நாலு கிழமை ரெண்டாப் போச்சு. வந்த அஞ்சு சிப்பில ரெண்டு நிசாமின்ர சோதனையில கழட்டிப் பூட்டிக் கால் முறிஞ்சு போச்சு, ஒண்டு அவன்ர ஓட்டோவில ஓடுது, ஒண்டை நான் ஈயம் பத்தவைக்கிற கோலை அளவுக்கு மிஞ்சிச் சூடாக்கிப் பொசுக்கிப்போட்டன். மிச்சம் டப்பியில இருந்த அந்த ஒண்டுதான். அழிச்சு எழுதலாம் தானே எண்டு எடுத்தன். பழைய நாலு சத்தம் முதல் பாதியில. புதுசா நாலு மற்றப் பாதியில: தேனீக் கூட்டம் இரையிறது, சிறுத்தை உறுமிறது, மரம் அரியிற மெசின், பெரிய லொறியின்ர ஹோர்ன். சிப்பில எழுதுற மெசினில வைச்சன். ஓடி முடிஞ்சு திரையில பச்சைச் சரி விழுந்தது. சந்தோசமாப் பெட்டியில பூட்டி, சத்தத்தைக் கூட்டி வைச்சுச் சோதிச்சன். வெடி. தகரம். நாய். நாலாவதா வாத்திமார் "ஓய்! போ!" எண்டு கத்த, பஸ் நிலையத்தில நிண்ட சனம் திரும்பிப் பாத்துது. மருந்துக்கடைத் தம்பி ஓடி வந்தான். மற்ற நாலையும் கேக்காமலே நிப்பாட்டிப்போட்டன். பச்சைச் சரி விழுந்ததுதானே. அண்டைக்கே பரமேஸ்வரி அக்கா பெட்டியை வாங்கி, மடியில வைச்சுக்கொண்டு பஸ் ஏறினா. சத்தம் கேட்டு ஓடி வந்த மருந்துக்கடைத் தம்பி சொன்னது இதுதான்:

"அக்கா, பிறஷர் குளிசை ஒரு மாசத்துக்கு வாங்க வந்த ஐயா, இப்ப ரெண்டு மாசத்துக்குத் தரட்டாம்."

பச்சைச் சரி

மூண்டு நாள் கழிச்சு வேற வேலைக்காக அந்த எழுதுற மெசினைத் திறந்தன். திரையில சிப்பின்ர அளவு எண்டு ஒரு இடம் இருக்கு. அதில இன்னும் பழைய, சின்னச் சிப்பின்ர பேர் கிடந்தது. நிசாமின்ர சிப்புகளுக்கு ஒவ்வொரு முறையும் கையால மாத்தின நான், இந்த முறை மாத்தேல்லை. அப்ப மெசின் என்ன செய்திருக்கும்? முதல் பாதியை மட்டும் அழிச்சு, முதல் பாதியை மட்டும் எழுதி, முதல் பாதியை மட்டும் சரி பாத்து, பச்சைச் சரியைப் போட்டிட்டுது. மற்றப் பாதி தொடவேயில்லை. அதுக்குள்ள என்ன இருந்தது? பாண் பாட்டு. யானைக்கும் அடி சறுக்கும் எண்டுவினம், இங்க யானை வடிவாத்தான் நிண்டுது, சறுக்கினது நான்.

மடு மாதாவே, அந்த மனுசி காணியை என்ர பெட்டியை நம்பி விட்டிட்டு இருக்குது! போன் அடிச்சன், கிடைக்கேல்லை. அங்க சிக்னல் வாறதே மரத்தில ஏறினால்தான். தனியன் வந்து, நாலு பழஞ்சத்தத்தையும் கேட்டுக் கொட்டாவி விட்டிட்டு, பாட்டோட சாப்பிட்டுக்கொண்டு நிக்கிறதுதான் எனக்குக் கண்ணுக்குள்ள. அடுத்த நாள் காலமை எழுதுற மெசினையும் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு சிலாவத்துறைக்குப் போய், நிசாமின்ர ஓட்டோவில பாண் தட்டுகளுக்கு நடுவில குந்தினன். போற வழியில எல்லாத்தையும் சொன்னன். அவன் ஓட்டோவை ஓட்டிக்கொண்டே கேட்டான்:

"அக்கா, யானைக்கு என்ட பாட்டைப் போட்டு விட்டிட்டீங்க, இப்ப அது பாண் கேட்டு வந்து நிண்டா நான் எத்தினை றாத்தல் குடுக்கிறது?"

பாண் எங்க?

மறிச்சுக்கட்டி றோட்டில இருந்து உள்ளுக்க திரும்பினதும் பாட்டை நிப்பாட்டச் சொன்னன். நிப்பாட்டி ஒரு பிரயோசனமும் இல்லை. ஓட்டோவைக் கண்டதும் குடியிருப்புச் சனம் பத்துப் பதினைஞ்சு பேர் றோட்டை மறிச்சிட்டுது. ஆம்பிளை ஒருவர் நிசாமின்ர சேர்ட்டைப் பிடிக்காத குறை. "நேத்தும் பாட்டு, முந்தாநேத்தும் பாட்டு, ஓடி வந்து பாத்தா ஓட்டோவக் காணோம், பாண் எங்கய்யா?" எண்டு சத்தம். நிசாம் என்னைப் பாக்கிறான், நான் பாணைப் பாக்கிறன். அந்த நேரம் பரமேஸ்வரி அக்கா கூட்டத்துக்குள்ளால வந்து என்ர கையைப் பிடிச்சா. அப்பிடியே வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனா.

நெல்லு நிண்டுது. ரெண்டு ஏக்கரும், தலை சாஞ்சு, மஞ்சள் ஏறி, அப்பிடியே நிண்டுது. ஒரு மூலையில ஒரு பாய் அளவுக்கு மிதிபட்டிருந்தது, அவ்வளவுதான். எனக்கு வரம்பில நிண்டபடி அழுகை வந்திட்டுது, வெக்கத்தை விட்டுச் சொல்லுறன்.

நடந்தது இதுதான். முந்தநாள் பொழுதுபடுற நேரம் தனியன் வந்திருக்கு. வெடிக்கு அசையேல்லை, தகரத்துக்கு அசையேல்லை, நாய்க்கும் வாத்திமாருக்கும் காதை ஆட்டிப்போட்டுக் கதிரில வாயை வைச்சிட்டுது. திரும்பக் கம்பியில முட்டினதும் பாண் பாட்டு. அந்தக் குடியிருப்புக்குப் பாண் ஓட்டோ வந்ததேயில்லை. றோட்டில தூரத்தில போற பாட்டைக் கேட்டுக்கொண்டு, உள்ளுக்க வரச் சொல்லி எத்தினையோ வருசமாக் கேட்ட சனம். "பாண் வந்திருச்சு!" எண்டு வீட்டுக்கு வீடு சத்தம் போட்டு, காசும் பையும் சட்டியுமா இருபது பேர் சத்தம் வந்த பக்கம் ஓடியிருக்குதுகள். வரம்பில ஏறிப் பாத்தால் ஓட்டோ இல்லை, யானை! இருபது பேரும் ஒரே குரலில கத்தினவையாம். கொண்டு வந்த சட்டியில தட்டினவையாம். தனியன் திரும்பிப் பாத்துது. இந்த முறை உண்மையா ஆள் நிக்குதெண்டு அதுக்கு விளங்கியிருக்கும், காட்டுக்குள்ள போயிட்டுது. நேற்றும் அப்பிடியே.

நான் மடிக்கணினியைத் திறந்தன். "பத்து நிமிசம் தாங்கோ அக்கா, தேனீ, சிறுத்தை எல்லாம் வடிவாப் போட்டுத் தாறன்" எண்டன். அவ பெட்டியை ரெண்டு கையாலயும் பொத்திக்கொண்டா. கவலை வேற இடத்திலயாம். இன்னும் ரெண்டு நாள் பாட்டுக் கேட்டுப் பாண் வரேல்லையெண்டால், மூண்டாம் நாள் ஒருவரும் எழும்ப மாட்டினமாம். பத்து நாள் தாண்டினால் நெல்லு வீட்டில. நிசாமின்ர பக்கம் திரும்பிக் கேட்டா:

"தம்பி, நீங்க இருட்டுறதுக்கு முந்தி ஒரு தடவ நெசமாவே வந்துட்டுப் போங்க, அப்ப இது பெட்டியா ஓட்டோவான்னு தெரியாம எல்லாரும் வெளிய வந்துதானே ஆகணும்?"

கடைசி ஒண்டு

நிசாம் அந்தக் குண்டும் குழியுமான பாதையைப் பாத்துத் தலையைச் சொறிஞ்சான். அதுக்குள்ள சனம் ஓட்டோவைச் சூழ்ந்து, மறிச்சுக்கட்டிக்கெண்டு வைச்சிருந்த பாணையும் சேத்து வாங்கி முடிச்சிட்டுது. அந்தப் பின்னேரமே "வாறன்" எண்டான், சொன்னபடி வந்தான். நேரத்தை மட்டும் வேணுமெண்டே முன்னப் பின்ன மாத்திப் போனானாம். பத்து நாளும் பாட்டுக் கேட்ட நேரமெல்லாம் சனம் வெளியில வந்துது. சில நாள் பாண், சில நாள் யானை. அறுவடைக்குப் பிறகு பரமேஸ்வரி அக்கா அதே உரப்பையோட கடைக்கு வந்தா. ஒரு பக்கம் பெட்டி, மற்றப் பக்கம் புது அரிசி. மனுசன் கொழும்புக் கதையை விட்டிட்டாராம், அடுத்த போகத்துக்கு விதைநெல்லும் எடுத்து வைச்சாச்சாம். "அக்கா, இப்பவாவது எட்டுச் சத்தத்தையும் ஒழுங்காப் போடவோ?" எண்டு கேட்டன். என்னை ஒரு பார்வை பாத்தா. பாட்டைத் தொட விடமாட்டாவாம், ஆனால் ஒரு குறை இருக்காம். என்ர பெட்டி ஒருமுறைக்கு அரை நிமிசம்தானே ஓடும், பாட்டு அரைவழியில நிண்டிடுது.

"பாட்ட முழுசாப் போட்டுக் குடுங்க மிஸ், பாதியில நின்னா, எங்க வீட்டுக்காரரு செத்துட்டாரான்னு கேட்டு வந்து நிக்கிறாங்க."

என்ர தொழில் உறவுகளே, இத்தினை வருசத்தில "திருத்தவேண்டாம், அப்பிடியே இருக்கட்டும்" எண்டு ஒரு வாடிக்கைக்காரர் என்னைத் தடுத்த ஒரே வேலை, நான் பிழையாச் செய்து குடுத்த அந்த ஒண்டுதான்.